உமிழ்நீர்க் கல்: காத்திருப்பதா, கல்லை மட்டும் எடுப்பதா, சுரப்பியோடு எடுப்பதா?

சாப்பிட உட்கார்ந்த சில நிமிடங்களில் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் உப்பிக்கொண்டு வலிக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிடுகிறது. அடுத்த வேளை மறுபடி அதே கதை. இப்படி ஒருவர் சொன்னாலே, உமிழ்நீர் வரும் நாளத்தைக் கல் அடைத்திருக்கிறது என்று மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ஸ்கேனில் 'இடது கீழ்த்தாடைச் சுரப்பி நாளத்தில் 6 மி.மீ. கல்' என்று அறிக்கை வரும். குழப்பம் அப்புறம்தான் தொடங்குகிறது. ஒருவர் தண்ணீர் நிறையக் குடித்துக் காத்திருக்கச் சொல்வார். இன்னொருவர் வாய்க்குள் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம் என்பார். மூன்றாமவர் நாளத்துக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கருவியான எண்டோஸ்கோப் பற்றிப் பேசுவார். நான்காமவர், சுரப்பியையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்பார். நால்வர் சொல்வதும் ஏதோ ஒரு வகைக் கல்லுக்குப் பொருந்தும். நம்முடையது எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் போவது மில்லிமீட்டர் எண்ணுக்குத்தான். அளவு முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. எந்தச் சுரப்பி, நாளத்தின் எந்த இடம், அந்த இடத்தை ஒட்டி எந்த நரம்பு போகிறது என்பதெல்லாம் அதற்கு முன்னால் வர வேண்டியவை. வாயின் முன்பக்கம் இருக்கும் 10 மி.மீ. கல்லைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். சுரப்பிக்குள் ஆழமாகப் புதைந்த 4 மி.மீ. கல் மருத்துவரைத் திணற வைக்கலாம். எனவே முடிவுக்குப் போகும் முன் கொஞ்சம் உடற்கூறு பார்த்துவிடுவோம்.

கல் எங்கே தங்குகிறது, ஏன்?

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படர்ந்திருப்பது பரோட்டிட். மூன்றில் பெரியது இதுதான். தாடை எலும்பின் உட்பக்கம், வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் மைலோஹயாய்டு தசையின் பின் விளிம்பைச் சுற்றி மடிந்து கிடப்பது கீழ்த்தாடைச் சுரப்பி. நாக்குக்கு நேர் கீழே, சளிப்படலத்தை ஒட்டியே இருப்பது நாவடிச் சுரப்பி. இவை போக உதடு, கன்னம், அண்ணம் என்று வாய் முழுக்க 600 முதல் 1000 வரை சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் வாயை நனைத்து வைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பிகளின் வேலை. மெல்லத் தொடங்கியதும் பரோட்டிட் முந்திக்கொள்ளும்.

கற்களில் 80 முதல் 90 விழுக்காடு கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் உருவாகின்றன. காரணங்களில் பாதி அதன் நீரில் இருக்கிறது, பாதி அதன் குழாயில் இருக்கிறது. பரோட்டிட் சுரப்பது தண்ணீர் போன்ற நீர்த்த திரவம். கீழ்த்தாடைச் சுரப்பியின் உமிழ்நீரில் கொழகொழப்பு தரும் மியூசின் அதிகம், கால்சியம் அதிகம், காரத்தன்மையும் சற்றுக் கூடுதல். கால்சியம் பாஸ்பேட் படிவதற்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டாம். குழாயும் ஒத்துழைப்பதில்லை. 1656-ல் விவரித்த தாமஸ் வார்ட்டனின் பெயரால் வார்ட்டன் நாளம் எனப்படும் இது ஏறக்குறைய 5 செ.மீ. நீளம். சுரப்பியிலிருந்து கிளம்பி, மைலோஹயாய்டு தசையின் பின் விளிம்பில் சட்டென்று வளைந்து, பிறகு நாம் நிமிர்ந்திருக்கும்போது மேல்நோக்கியே ஏறி, நாக்கைத் தூக்கினால் நடுவில் தெரியும் மெல்லிய இழையின் பக்கத்தில் ஒரு சிறு புடைப்பில் திறக்கிறது. திறப்பு நாளத்தைவிடக் குறுகல், அரை மில்லிமீட்டர்தான். வாய்க்கால் வளைவில் மண் படிவதுபோல அந்தப் பின்வளைவில் படிவு சேர்கிறது. முன்வாசலுக்கு வந்த கல்லும் வெளியேற முடியாமல் நிற்கிறது. கற்கள் அதிகம் காணப்படும் இரண்டு இடங்களும் இவையே.

இனி நரம்பு. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடு உணர்வு தரும் நரம்பு (இனி நாக்கு நரம்பு), வார்ட்டன் நாளத்தின் வெளிப்பக்கம் தொடங்கி, அதன் அடியில் புகுந்து, உட்பக்கமாக மேலேறுகிறது. இந்தச் சுற்று பெரும்பாலும் கடைவாய்ப் பற்களின் மட்டத்தில் நடக்கிறது. ஆக, முன்பக்கம் கீறினால் நரம்பு தூரத்தில் இருக்கிறது. பின்வளைவில் கீறினால் நரம்பும் நாளமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கத்தி வைக்கிறோம். ஒரே சிகிச்சை ஒரு சமயம் சின்ன வேலையாகவும், இன்னொரு சமயம் பெரிய வேலையாகவும் மாறுவது இந்தச் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தால்தான்.

முதலில், அது கல்தானா?

வீக்கம் சாப்பாட்டு நேரத்தோடு வந்து போனால் அடைப்பு என்று நம்பலாம். வந்து போகாமல் நிரந்தரமாக ஒரு கட்டி, அதுவும் வலியில்லாமல் மெல்ல வளர்ந்தால், இந்தக் கட்டுரையின் ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே கேள்வி வேறு. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஒரு விசித்திரமான விதி உண்டு: சுரப்பி சிறிதாக ஆக, அதில் வரும் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பரோட்டிட்டில் வரும் கட்டிகளில் சுமார் ஐந்தில் நான்கு சாதுவானவை. கீழ்த்தாடைச் சுரப்பியில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நாவடிச் சுரப்பியில் பெரும்பான்மை புற்று. கட்டியோடு முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, நாக்கு மரத்தாலோ, தோலோடு ஒட்டிக் கல் போல இறுகியிருந்தாலோ ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த படி. இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கினால் பொன்னுக்கு வீங்கி போன்ற வைரஸ் தொற்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் என்று வேறு பட்டியல் இருக்கிறது.

கல்லைக் காண எந்த ஸ்கேன் என்பதிலும் ஒரு தேர்வு உண்டு, ஆனால் இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் தொடங்குவது நல்லது. கதிர்வீச்சு இல்லை, 2 முதல் 3 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைப் பெரும்பாலும் காட்டிவிடும், நாளம் விரிந்திருப்பதையும் காட்டும். வாயின் முன்முனையில் உள்ள கல்லை அது சில சமயம் தவறவிடும், ஆனால் அந்தக் கல் விரலுக்கே தட்டுப்படும். அறுவைக்கு முன் கல் எத்தனை, எங்கே என்று துல்லியமாக வேண்டுமென்றால் மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேன். வெறும் எக்ஸ்ரேயை மட்டும் நம்பினால் ஏமாறலாம். கீழ்த்தாடைச் சுரப்பிக் கற்களிலேயே சுமார் ஐந்தில் ஒன்று அதில் தெரியாது, பரோட்டிட் கற்களில் தெரியாதவை இன்னும் அதிகம். நாளத்துக்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் பழைய முறை சுருக்கங்களைக் காட்டுவதில் இன்றும் கெட்டிக்காரன்தான். ஆனால் தொற்று இருக்கும் நேரத்தில் அதைச் செய்யக் கூடாது.

காத்திருப்பது

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. தண்ணீர் போதுமான அளவு குடிப்பது, உமிழ்நீரைத் தூண்ட எலுமிச்சையோ புளிப்பு மிட்டாயோ சப்புவது, வெதுவெதுப்பான ஒத்தடம், சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிடுவது, தேவைப்பட்டால் வலி மாத்திரை. வாயை உலர்த்தும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள், அதாவது சில அலர்ஜி மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், சிறுநீர்ப்பை மருந்துகள் எடுப்பவர்கள், அவற்றை மாற்ற முடியுமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேட்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது. கால்சியம் உள்ள உணவைக் குறைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. இந்தக் கல் பெரும்பாலும் சுரப்பியின் உள்விவகாரம். இரத்தத்தில் கால்சியம் கூடியதால் வருவது அரிது.

இந்த வழி யாருக்கு? 2, 3 மி.மீ. அளவில், திறப்புக்கு அருகில், நாளத்துக்குள் அசையும் கல் உள்ளவர்களுக்கு. அது ஒருநாள் தானாக வாயில் வந்து விழுவது உண்டு. வளைவில் சிக்கிய 7 மி.மீ. கல்லுக்கு மாதக்கணக்கில் எலுமிச்சை சப்பச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அரை மில்லிமீட்டர் வாசலில் அது வரப்போவதில்லை. அடைப்பை வைத்துக்கொண்டே சுரப்பைத் தூண்டினால் வலிதான் மிச்சம். அப்படிப்பட்ட கல்லுக்கு இதெல்லாம் சிகிச்சைத் தேதி வரும்வரை ஒப்பேற்றும் வழி, அவ்வளவே.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்றும் இருக்கிறது. அடைபட்ட சுரப்பியில் கிருமி புகுந்தால் (பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ்) வீக்கம் வடியாது, காய்ச்சல் வரும், நாக்கடித் திறப்பில் சீழ் தெரியும். ஆன்டிபயாட்டிக் உடனே வேண்டும். வாயின் அடித்தளம் முழுக்க இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம். அந்த நேரத்தில் கல்லைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, மூச்சுக்குழாயைப் பற்றித்தான்.

தொற்று இருக்கும்போது கல்லை எடுக்கும் திட்டத்தையும் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். வீங்கிய திசுவில் நாளமும் நரம்பும் தனித்தனியாகத் தெரியாது, எண்டோஸ்கோப் சுவரைக் கிழித்துவிடும் அபாயமும் கூடுதல். வாசலிலேயே துருத்திக்கொண்டிருக்கும் கல் இதற்கு விலக்கு. அதை எடுத்துவிட்டால் சீழும் சேர்ந்து வடிந்துவிடும்.

முன்பக்கக் கல்: பழைய வழியே போதும்

நாக்கடியில் விரலால் தொட்டால் தட்டுப்படும் கல்லுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கல்லுக்குப் பின்னால் நாளத்தைச் சுற்றி ஒரு தையல் போட்டுக்கொள்வார்கள், அது நழுவிப் பின்னால் ஓடிவிடாமல் இருக்க. பிறகு கல்லின் மேலேயே நீளவாக்கில் கீறி, எடுத்துவிட்டு, நாளத்தின் விளிம்பை வாயின் சளிப்படலத்தோடு தைத்து அல்லது அப்படியே திறந்துவிட்டு அனுப்புவார்கள். இறுக்கித் தைத்து மூடினால் சுருங்கி அடைக்கும் என்பதால்தான் திறந்துவிடுவது. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

எண்டோஸ்கோப் வசதி உள்ள இடத்தில் இந்தக் கல்லுக்கும் அதையே பரிந்துரைத்தால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை. உள்ளே இன்னும் கல் இருக்கிறதா என்று கடைசியில் ஒரு பார்வை பார்க்க என்றால் நியாயமான பதில். கல்லை வெளியே எடுக்கவே அது வேண்டும் என்றால், எனக்குத் திருப்தியான பதிலாகப் படாது.

வளைவில் உள்ள கல்: உண்மையான போட்டி இங்கேதான்

சுரப்பியிலிருந்து நாளம் கிளம்பும் இடமும் அதை ஒட்டிய வளைவும் ஒரு காலத்தில் விவாதத்துக்கே இடமில்லாதவை. கல் அங்கே இருந்தால் சுரப்பியை எடுத்துவிடுவதுதான் பாடம். இரண்டு காரணம் சொன்னார்கள்: வாய் வழியாக அங்கே போவது நரம்புக்கு ஆபத்து, பல வருடம் அடைபட்ட சுரப்பி எப்படியும் செத்துப்போயிருக்கும். இரண்டாவது காரணம் இப்போது வலுவிழந்துவிட்டது. கல்லை எடுத்த பிறகு சுரப்பியின் இயக்கத்தை ஸ்கேனில் அளந்து பார்த்தவர்கள், நெடுநாள் அடைப்புக்குப் பிறகும் பல சுரப்பிகள் மீண்டும் சுரக்கத் தொடங்குவதைக் கண்டார்கள். கல்லுக்காக வெட்டி எடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோதும், கணிசமானவை ஏறக்குறைய இயல்பாகவே இருந்தன. எத்தனை வருடத் தொல்லை, எத்தனை முறை தொற்று என்பதை வைத்து மட்டும் சுரப்பி கெட்டுவிட்டது என்று தீர்ப்பெழுத முடியாது. இந்த ஒப்பீட்டிலேயே முடிவை அதிகம் மாற்றும் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனவே இன்று இங்கே மூன்று வழி. முதலாவது, எண்டோஸ்கோப் மூலம் எடுப்பது. சியாலெண்டோஸ்கோபி என்ற பெயரில் 1990-களில் வளர்ந்த முறை. சுமார் 0.8 முதல் 1.6 மி.மீ. தடிமனுள்ள கருவியை நாளத் திறப்பை மெல்ல விரித்து உள்ளே செலுத்தி, உப்புநீரால் கழுவிக்கொண்டே போய், கல்லுக்கு அப்பால் ஒரு கம்பிக் கூடையை விரித்துப் பிடித்து இழுப்பார்கள். வெளியே தழும்பு இல்லை, நரம்பைத் தொடுவதில்லை, சுரப்பி அப்படியே இருக்கிறது. படிப்பதற்கு இதற்கு மிஞ்சிய தேர்வே இல்லை போலத் தோன்றும். நிபந்தனைகள் கடுமையானவை: கீழ்த்தாடைச் சுரப்பியில் கல் சுமார் 4 மி.மீ.க்குள், பரோட்டிட்டில் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உருண்டையாக, நாளத்துக்குள் அசையக் கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நாளம் சுருங்கியிருக்கக் கூடாது. பெரிய கல்லைக் கூடையில் மாட்டி இழுத்தால் கூடையும் கல்லும் சேர்ந்து நடுவழியில் சிக்கிக்கொள்ளும். பலவந்தம் செய்தால் நாளமே சுரப்பியிலிருந்து பிய்ந்து வரும். அரிதாக நடப்பது, ஆனால் நடந்தால் பெரும்பாலும் சுரப்பியை இழக்க நேரும்.

கல் பெரிதென்றால் அதே எண்டோஸ்கோப் வழியாக லேசர் இழையையோ காற்றழுத்தத்தில் இடிக்கும் நுண்கம்பியையோ விட்டு உடைக்கலாம். நேரம் பிடிக்கும் வேலை. லேசரின் சூடு நாளச் சுவரைச் சுட்டுப் பின்னாளில் சுருக்கம் வரலாம், துண்டுகள் மிச்சம் தங்கினால் அவையே புதுக் கல்லுக்கு விதை. நடுத்தர அளவுக் கல்லுக்கு ஏற்றது என்பதே என் கருத்து. 10 மி.மீ. கல்லை மணிக்கணக்கில் உடைத்துக்கொண்டிருப்பதைவிட அடுத்த வழி நேர்மையானது.

அந்த அடுத்த வழி, வாய் வழியாகவே ஆழமாகக் கீறி எடுப்பது. வாயின் அடித்தளத்தைத் திறந்து, நாக்கு நரம்பை முதலில் தேடிக் கண்ணால் பார்த்து, ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் தாடைக்குக் கீழிருந்து சுரப்பியை மேலே தள்ளிக்கொண்டு, கல் தட்டுப்படும் இடத்தில் நாளத்தைத் திறப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கத்தில். இது சரிப்படுமா என்பதைச் சொல்லும் சிறந்த சோதனைக்குக் கருவியே வேண்டாம்: ஒரு விரல் வாய்க்குள், ஒரு கை தாடைக்கு வெளியே வைத்து இரண்டுக்கும் நடுவில் கல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. தட்டுப்பட்டால் வெற்றி வாய்ப்பு மிக அதிகம். இங்கே பெரிய கல் என்பது சாதகம்! கூடைக்குப் பாதகமான அளவு, விரலுக்கு உதவியாகிறது. சில வாரம் நாக்கின் ஒரு பக்கம் மரத்திருப்பது பலருக்கு நேரும், நிரந்தரமாகத் தங்குவது அரிது. நாக்கடியில் நீர்க்கட்டி உருவாவதும் எப்போதாவது உண்டு. பாடுகிறவர்கள், நாள் முழுக்கப் பேசித் தொழில் செய்கிறவர்கள் அந்த மரப்புக் காலத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துத் தேதி குறிப்பது நல்லது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதும் வழக்கம்: எண்டோஸ்கோப்பின் வெளிச்சம் கல் இருக்கும் இடத்தைக் காட்ட, சிறிய கீறலில் எடுத்துவிட்டு, மீண்டும் எண்டோஸ்கோப்பை விட்டுத் துண்டு மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது. இந்த எல்லா வழிகளும் கைவசம் உள்ள, பழக்கப்பட்ட மையங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுரப்பியைக் காப்பாற்ற முடிகிறது. ஒரே வழி மட்டும் தெரிந்த இடத்தில் அந்த ஒரே வழிதான் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படும். மனித சுபாவம்.

உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கும் முறையும் இருக்கிறது. 1980-களின் இறுதியில் சிறுநீரகக் கல் சிகிச்சையிலிருந்து இரவல் வாங்கியது. கத்தி இல்லை, மயக்கமும் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் பல அமர்வுகள் வேண்டும், உடைந்த தூள் தானாக வெளியேற வேண்டும், கீழ்த்தாடைச் சுரப்பியில் முழுமையாகக் கல் நீங்குவோர் பாதியைத் தாண்டுவது கடினம். பரோட்டிட்டில் பலன் மேல். சுரப்பிக்கென்றே செய்த கருவி பல நாடுகளில் கிடைப்பதே அரிது என்பதால் நிறையப் பேருக்கு இந்தத் தேர்வு ஏட்டளவில்தான்.

மூன்றாவது வழி, சுரப்பியை எடுப்பது. கழுத்தில், தாடை எலும்பின் விளிம்புக்கு 3 செ.மீ. அளவு கீழே, தோல் மடிப்பில் கீறுவார்கள். அவ்வளவு இறங்கிப் போவதற்குக் காரணம், கீழுதட்டை இறக்கும் முகநரம்புக் கிளை தாடை விளிம்பை ஒட்டி, சுரப்பியின் மேலேயே தொங்கிப் போவது. அது அடிபட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். தற்காலிகமாக வருவது அவ்வளவு அரிதல்ல, நிரந்தரம் சிலருக்கே. சுரப்பியின் அடியில் நாக்கை அசைக்கும் நரம்பும் நாக்கு நரம்பும் இருக்கின்றன. மூன்று நரம்புக்கு நடுவில் செய்யும் வேலை என்றாலும், பயிற்சி பெற்றவர் கையில் இது நம்பகமான அறுவை, பெரும்பாலும் ஒரே தடவையில் முடிவது. அதுதான் இதன் பலம். ஒரு சுரப்பி போனால் வாய் வறண்டுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். மற்ற ஐந்தும் சரியாக இருந்தால் பெரும்பாலோர் வித்தியாசமே உணர்வதில்லை. ஏற்கெனவே ஷோக்ரன் நோயாலோ கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்ததாலோ வாய் வறண்டவர்களுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது.

சுரப்பிக்குள்ளேயே பல கற்கள் சிதறிக் கிடந்து, விரலுக்கும் தட்டுப்படாமல், எண்டோஸ்கோப்பும் எட்டாமல் போனால், அல்லது இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகும் சுருக்கம் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது கல்லோடு சந்தேகப்படும்படி ஒரு கட்டியும் இருந்தால், நானும் சுரப்பியை எடுக்கும் பக்கம்தான். முதல் ஆலோசனையிலேயே, வேறு எதையும் பேசாமல், 'எடுத்துவிடலாம்' என்று சொன்னால் இன்னொருவரிடம் காட்டுவது வீண் செலவல்ல. எடுப்பதென்று முடிவானால், நாளத்தின் முன்பகுதியிலும் கல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சுரப்பியை எடுத்து, முன்பக்கக் கல்லை நாளத்தின் மிச்சத்தில் விட்டுவிட்டால் அதே இடத்தில் மறுபடி தொல்லை வரும்.

பரோட்டிட்டில் தராசு சாய்கிறது

இதுவரை சொன்ன ஒப்பீட்டைக் கன்னத்துச் சுரப்பிக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. முகத்தை அசைக்கும் நரம்பு பரோட்டிட்டுக்குள் நுழைந்து, அதன் உள்ளேயே ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி, கண் இமை, கன்னம், உதடு, கழுத்து எல்லாம் அதன் கையில். திரும்பத் திரும்ப வீங்கித் தழும்பேறிய சுரப்பியை அந்தக் கிளைகளிலிருந்து பிரித்தெடுப்பது, கட்டிக்காக எடுப்பதைவிடவும் சிக்கலானது. நரம்பு பிழைத்தாலும் ஃப்ரே கோளாறு வரலாம்: போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே 1923-ல் விவரித்தது. வெட்டுப்பட்ட உமிழ்நீர் நரம்பிழைகள் வழிமாறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துகொள்ள, சாப்பிடும்போதெல்லாம் கன்னம் சிவந்து வியர்க்கும்.

ஆகவே இங்கே சுரப்பியை எடுப்பது கடைசியிலும் கடைசி. வாய் வழிக் கீறலுக்கும் வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் சுமார் 5 செ.மீ. நீள நாளம் மெல்லும் தசைக்கு மேலே ஓடி, கன்னத் தசையைத் துளைத்து, மேல் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. திறப்பை ஒட்டிய கல்லை மட்டுமே உள்ளிருந்து கீறலாம். 1660-ல் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது இந்த நாளத்தைக் கண்டறிந்த ஸ்டென்சன், பிற்காலத்தில் பாறை அடுக்குகளை ஆராய்ந்து நிலவியலுக்கு அடித்தளம் போட்டவர். கல்லோடு அவருக்கு ஏதோ பந்தம்!

பரோட்டிட் கற்கள் பெரும்பாலும் சிறியவை என்பதால் எண்டோஸ்கோப்புக்கு முதலிடம், அதிர்வலைக் கருவி கிடைத்தால் இரண்டாமிடம். பெரிய கல்லென்றால் எண்டோஸ்கோப் வெளிச்சத்தையோ அல்ட்ராசவுண்டையோ வழிகாட்டியாக வைத்து, வெளியிலிருந்து சுரப்பிக்குள் சின்னதாகத் திறந்து, நரம்புக் கண்காணிப்புக் கருவியோடு கல்லை மட்டும் எடுப்பார்கள். கல்லே இல்லாமல் நாளம் சுருங்கி வீங்குவதும் பரோட்டிட்டில் அதிகம். அப்போது சுருக்கத்தை விரித்து ஸ்டீராய்டு கழுவல் கொடுத்தாலே பலருக்குக் குறைகிறது. மிஞ்சிப்போனால் போட்டுலினம் ஊசியால் சுரப்பின் அளவைக் குறைப்பது, சுரப்பியை எடுப்பதற்கு முன் முயன்று பார்க்க வேண்டிய ஒன்று.

நாவடிச் சுரப்பியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டிலிருந்து இருபது வரை குட்டி நாளங்கள் நேராக வாயில் திறப்பதால் அங்கே கல் நூற்றில் ஒன்றிரண்டுதான். நாக்கடியில் நீலம்பாரித்த நீர்க்கட்டி வருவதுதான் அதன் வழக்கமான தொல்லை. அதற்கு நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் திரும்ப வரும், சுரப்பியையே எடுப்பதுதான் நிலைக்கும். கீழ்த்தாடைச் சுரப்பிக்குச் சொன்னதற்கு நேர்மாறான அறிவுரை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கல் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, வளைவுக்கு முன்னாலா பின்னாலா, ஒன்றா பலவா என்பதை முதலில் கேட்கலாம். அடுத்து, பரிந்துரைக்கும் முறையை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார், அது நடுவில் தோற்றால் அதே மயக்கத்தில் என்ன செய்வார் என்பது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எண்டோஸ்கோப்புக்கு என்று படுத்தவர் சுரப்பியில்லாமல் எழுந்திருக்க ஒப்புக்கொள்கிறாரா, அல்லது அப்படியே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாமா என்பதை விழித்திருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டும் பொறுமையும், தொற்று வந்தால் ஏற்ற ஆன்டிபயாட்டிக்கும்தான். மற்றதெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு.

வலியே இல்லாமல், பல் எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்ணில் பட்ட கல் என்றால்? முன்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிற கல்லை, தொற்று இல்லாத இந்தச் சமயத்திலேயே மரப்பு ஊசியில் எடுத்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கல் வளருமே தவிரக் கரையாது. ஆழத்தில் உள்ள சின்னக் கல்லென்றால் தொட வேண்டாம். ஒரு வருடம் கழித்து அல்ட்ராசவுண்ட் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இடையில் சாப்பாட்டு நேர வீக்கம் தொடங்கிவிட்டால் அந்தத் தேதிவரை இருக்காமல் போய்க் காட்டுங்கள்.